முயல்கண்

தமிழ்நாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் இமை அறுவைகளில் மிகப் பிரபலமானது ஒரு கட்டுக்கதை. காஞ்சிபுரத்து இளவரசன் என்று நாம் உரிமை கொண்டாடும் போதிதர்மர், சீனாவில் ஒரு குகைச் சுவரைப் பார்த்தபடி ஒன்பது ஆண்டுகள் தியானத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டார். விழித்ததும் தன்மீதே கோபம் வந்து, இமைகளை அறுத்துத் தரையில் எறிந்தார். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது. பிக்குகள் தூக்கத்தை விரட்டத் தேநீர் குடிப்பது அன்றிலிருந்துதான் என்று கதை முடியும். 1690களின் தொடக்கத்தில் ஜப்பானில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த எங்கெல்பர்ட் கெம்ஃபர் இதைக் கேட்டு எழுதிவைத்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். ஜப்பானிய தாருமா பொம்மைகளின் கண்கள் அப்படி உருண்டு வெறித்துக்கொண்டிருப்பதற்கும் இந்தக் கதையைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

2011-இல் ‘7ஆம் அறிவு’ பார்த்துவிட்டு போதிதர்மரைத் தேடிப் படித்த தலைமுறை என்னுடையது. அவர் பாரசீகர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பும் இருக்கிறது, காஞ்சி பிற்காலத்தில் ஒட்டவைத்த பெயராகவும் இருக்கலாம். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. இமையை அறுத்த பிறகு அவருக்குக் கண் தெரிந்ததா?

எனக்குத் தெரிந்த கண் மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். “ஒரு நாள் நல்லாத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் கருவிழி காய ஆரம்பிச்சிருக்கும். புண்ணாகி, வெள்ளை விழுந்து, ஒரு வாரத்துல சுவரே தெரிஞ்சிருக்காது” என்றார். ஞானம் தேடிப்போனவர் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிச்ச ஆண்டுகளை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இமையைக் கண்ணின் கதவு என்று நினைத்துக்கொள்கிறோம். கதவு வெறுமனே திறக்கும், மூடும். இமை செய்கிற வேலை அதைவிட அதிகம். கருவிழியின் மேல் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. கண்ணுக்குள் வரும் ஒளி முதலில் படுவது அந்த ஈரத்தில்தான். அது வழவழப்பாக இருந்தால்தான் உருவம் கூர்மையாக விழும். அதை நிமிடத்துக்குப் பதினைந்து முறைபோல, நமக்குத் தெரியாமலே, பூசிவிட்டுப் போவது மேலிமை. கீழிமை பெரும்பாலும் சும்மா நிற்கும், மேலிமைதான் ஏறி இறங்கும். தொல்காப்பியர் ஒலியின் கால அளவான மாத்திரையை வரையறுக்கக் கைநொடியோடு எடுத்துக்கொண்ட இன்னொரு அளவுகோல் இந்த இமைப்புதான். ஒரு மனிதன் செய்கிற செயல்களில் இவ்வளவு சீராக, இவ்வளவு ஓயாமல் நடப்பது வேறு எது என்று அவர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். இமைக்காமல் இருக்க முடிகிறவர்கள் நம் கதைகளில் தேவர்கள் மட்டும். தமயந்தி தன் நளனை நான்கு போலி நளர்களிலிருந்து பிரித்தறிந்ததும் அவன் கண் இமைத்ததை வைத்துத்தான்.

ஆக, இமையில் கத்தி வைப்பவர் பார்வையில்தான் கத்தி வைக்கிறார். இதைப் பழைய மருத்துவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களிடம் இமை அறுவைக்கு வந்தவர்கள் யாரும் அழகுக்காக வந்தவர்கள் இல்லை.

சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் கண்ணில் தொடங்குகிறது. 76 கண் நோய்களைக் கணக்குச் சொல்கிறது. அதில் 21 இமைக்கு உரியவை, கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கும் மேல். அவற்றில் ஒன்று பக்ஷ்மகோபம், அதாவது இமைமயிர் கோபித்துக்கொள்ளுதல். மயிர் வெளியே பார்க்காமல் உள்ளே மடிந்து, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறுகிற நோய். கண்ணுக்குள் ஒரு துடைப்பத்தை வைத்து நாளுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் தேய்த்தால் எப்படி இருக்கும்? அதற்கு அவர் சொல்லும் வைத்தியம் இன்று படிக்கும்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. புருவத்துக்கும் மயிர்வரிசைக்கும் இடையிலுள்ள இமைத்தோலை மனதில் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். புருவத்தின் கீழே இரண்டு பங்கை விட்டுவிட வேண்டும், மயிர்வரிசையை ஒட்டி ஒரு பங்கை விட வேண்டும். நடுவில், மூக்கோரக் கடைக்கண்ணிலிருந்து வெளிக் கடைக்கண் வரை, வாற்கோதுமை மணியின் வடிவத்தில் தோலை அறுத்தெடுக்க வேண்டும். பிறகு மயிரால் தைத்து, தேனும் நெய்யும் இட்டு, நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டி, தையலை அதோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். தோல் குறுகும்போது மயிர்வரிசை வெளியே திரும்பும், கீறல் நிற்கும்.

இரண்டு முனையும் கூம்பி நடுவில் பருத்த அந்த வாற்கோதுமை வடிவத்தைத்தான் இன்றைய அறுவை அரங்குகளிலும் ஊதா நிறப் பேனாவால் இமையில் வரைகிறார்கள். ஆனால் வடிவத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குறிப்பின் வரிசை. எதை வெட்டுவது என்பதற்கு முன்னால், எதையெல்லாம் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. புருவத்துக்கும் மயிர்வரிசைக்கும் இடையில் மொத்தம் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அளவுகோல் மாறியிருக்கிறது, கவலை அதேதான்.

அந்தக் கவலை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை எழுதியவர் ரோமாபுரியின் செல்சஸ். முதல் நூற்றாண்டு. அவரும் இதே மாதிரி இமைத்தோலை அறுக்கும் முறையை விவரிக்கிறார். கூடவே, தோலை அதிகமாக எடுத்துவிட்டால் கண் மூடாமலே போய்விடும் என்று எச்சரித்து, அந்த நிலைக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயரையும் தருகிறார்: லாகாப்தல்மஸ். முயல்கண். முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் கண் மருத்துவர்கள் நோயாளியின் சீட்டில் எழுதுவது அதே சொல்லைத்தான். நோய்க்குப் பெயர் வைத்தபோதே அது மருத்துவரின் கையாலும் வரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எல்லாத் துறைகளிலும் கிடைப்பதில்லை.

பின்னால் பாக்தாதின் அலி இப்னு ஈசா கத்தியே இல்லாமல் ஒரு வழி சொன்னார். மிகையான இமைத்தோலை இரண்டு சிறு குச்சிகளுக்கு நடுவே பிடித்து இறுக்கிக் கட்டிவிடுவது. ரத்தம் ஓடாமல் தோல் செத்து, சில நாட்களில் குச்சியோடு உதிர்ந்துவிடும். படிக்கவே கண் கூசுகிறது.

மயிர் உள்மடிவதற்கு அந்தக் காலத்தில் பெரும் காரணம் ட்ராக்கோமா என்ற தொற்று. ஈயும் அழுக்குத் துணியும் பரப்பும் கிருமி இமையின் உட்பக்கத்தில் தழும்பை உண்டாக்கும். தழும்பு சுருங்கச் சுருங்க இமை ஓரம் உள்ளே வளையும். வறண்ட வட மேற்கு இந்தியாவில் இதன் கொடுமை அதிகம், நம் பக்கம் குறைவு. 1963-இல் இதற்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2024 அக்டோபரில்தான் உலக சுகாதார நிறுவனம், இந்தியாவில் ட்ராக்கோமா இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று சான்று கொடுத்தது. செய்தித்தாள்களில் அது சின்னப் பெட்டிச் செய்தியாகக் கடந்துபோனது.

*

அறுவைக்கு இன்று வழங்கும் பெயரான பிளெஃபரோபிளாஸ்டி 1818-இல் பெர்லினின் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃப வைத்தது. புற்று போன்றவற்றால் இழந்த இமையைப் புதிதாக உருவாக்குவதற்கு அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1819-இல், சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று பெருமையாகச் சொல்லப்படும் எழும்பூர் மருத்துவமனைதான் அது. கண்நீர் அழுத்தத்துக்கு எலியட் 1909-இல் வகுத்த அறுவையும், ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயரும் அதைப் புகழ்பெற வைத்தன. இமை அந்தப் புகழில் பங்கு கேட்கவில்லை.

அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஒரு நல்ல காரியம் செய்தார். கண் சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்களை ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் வரையச் செய்து, நோய்க்குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். அவை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. முகம் இல்லை, பெயருக்குரிய ஆள் எப்படி இருந்தார் என்று தெரியாது, கண்ணும் இமையும் மட்டும் நம்மைப் பார்க்கும். இமை அறுவைக்கு முன் இன்று மருத்துவமனையில் எடுக்கும் புகைப்படங்களுக்கு அவைதான் மூதாதை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அழகு உள்ளே வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1896-இல் ஜப்பானிய மருத்துவர் மிக்காமோ, ஓர் இமையில் மடிப்பும் மறு இமையில் மடிப்பு இல்லாமலும் இருந்த பெண்ணுக்கு இரண்டையும் ஒன்றாக்கினார். 1950களில் கொரியப் போரை ஒட்டி அங்கே போன அமெரிக்க மருத்துவர் மில்லார்ட் ‘மேற்கத்திய’ மடிப்பை உண்டாக்கிக் கொடுத்தார். அது பெரிய தொழிலாகி, இன்று ஈசிஆர் ஓரத்து விளம்பரப் பலகைகள் வரை வந்திருக்கிறது. அந்த வரலாறு முழுக்க இனமும் சந்தையும் கலந்தது, தனியாக எழுத வேண்டியது. அது செய்த ஒரு காரியத்தை மட்டும் இங்கே குறிக்கிறேன். இமை அறுவை என்றாலே அழகுக்கு என்று நம் மனதில் ஒட்டவைத்துவிட்டது.

அப்படி ஒட்டியிருந்ததை எங்கள் வீட்டில் பார்த்தேன். பாலவாக்கத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து பிரதான சாலைக்குப் போனால் பஸ் ஸ்டாப். அம்மா அங்கே நிற்கும்போது ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு நிற்பாள். வெயிலுக்குக் கையை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் விரலால் இமைத்தோலைத் தூக்கிப் பிடித்து பஸ் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் தலைவலி. “வயசாச்சுல்ல, தோல் தொங்கத்தான் செய்யும். இதுக்குப் போய் ஆபரேஷனா? சினிமாக்காரியா நானு?” என்றாள். அறுபத்தெட்டு வயது.

மருத்துவர் முதலில் ஒரு சின்ன டார்ச்சை நேரே காட்டினார். கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் மேலிமை ஓரத்துக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தார். சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். 2 அல்லது அதற்குக் குறைவானால் இமை பார்வையை மறைக்கிறது என்று அர்த்தம். இமை தாழ்வதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. இமையைத் தூக்கும் தசையோ அதன் நாரோ தளர்ந்து இமையே இறங்குவது ஒன்று. இமை சரியான இடத்தில் இருந்தும், மேலே உள்ள தோல் பந்தல்போலச் சரிந்து மயிர்மேல் விழுவது இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டாவது. தலைவலிக்கும் அதுதான் காரணமாம். பார்ப்பதற்காக நாள் முழுக்க நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் நெற்றியில் இருந்த வரிகளைக் கவலைக் கோடுகள் என்று படித்தவர்கள் நாங்கள்.

அடுத்தது பார்வைப்புலச் சோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியில் தாடையை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, எங்காவது ஒளி மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருமுறை அப்படியே செய்தார்கள். அடுத்தமுறை இமைத்தோலை பிளாஸ்டரால் மேலே இழுத்து ஒட்டிவிட்டுச் செய்தார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைக்கும் விளங்கும். முதல் தாளின் மேல்பகுதி கறுப்பு. இரண்டாவதில் அந்தக் கறுப்பு விலகியிருந்தது. அம்மா மருத்துவரிடம் கேட்டாள், “இந்த பிளாஸ்டரையே ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாமா?” அவர், “போகலாம்மா, தூங்கும்போது மட்டும் கண்ணு மூடாது” என்றார். செல்சஸின் எச்சரிக்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அதன் பிறகு அவர் செய்த சோதனைகள் எல்லாம் மூடுவதைப் பற்றியவை. கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். இமைகளைத் தன் விரலால் பிடித்துக்கொண்டு, “இப்போ இறுக்கி மூடுங்க” என்றார். மூட முயலும்போது விழி மேலே உருளுகிறதா என்று பார்க்கிறார். பெரும்பாலானவர்களுக்கு உருளும். சார்லஸ் பெல் 1823-இல் விவரித்தது. இமை கொஞ்சம் மூடாமல் போனாலும் கருவிழி மேலே போய் ஒளிந்துகொள்ளும். இது இல்லாதவருக்கும் கண்ணீர் குறைந்தவருக்கும் கத்தி இன்னும் கஞ்சத்தனமாக இருக்க வேண்டும்.

திறப்பதால் கிடைப்பவை பலரும் எதிர்பார்ப்பதைவிட அதிகம். மேல்பக்கப் பார்வைப்புலம் திரும்ப வருகிறது. பார்வையின் மேல் ஒரு நிழல் விழுந்தே கிடந்தது நீங்குவதால், சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் கூடத் தெளிகின்றன. படிக்கட்டும் பஸ் ஏறுவதும் எளிதாகும். நெற்றி ஓய்வெடுப்பதால் புருவம் கொஞ்சம் இறங்கும். சிலர் அதைப் பார்த்து அறுவை பலிக்கவில்லை என்று பயப்படுவார்கள். இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தொங்கும் இமை கருவிழியை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தது அல்லவா? அந்தப் பாரம் போனதும் கருவிழியின் வளைவு சற்று மாறலாம், சிலிண்டர் பவர் மாறலாம். அதனால் புதுக் கண்ணாடியைச் சில வாரம் தள்ளிப்போடுவது நல்லது. கண்புரை அறுவையும் வேண்டியிருந்தால், இமையை முதலில் முடித்து, கண் அடங்கிய பிறகு லென்ஸ் அளவு எடுப்பது உத்தமம். முதல் வாரங்களில் இமைப்பு அரைகுறையாக இருக்கும். எரிச்சல், மங்கல், கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், ராத்திரியில் களிம்பு. மிக அரிதாக, விழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கி நரம்பை நசுக்கிவிடும். அறுவையன்று இரவு கடும் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் தாமதித்தால் அந்தப் பார்வை திரும்பாமலே போகலாம்.

காப்பீட்டு நிறுவனம் எங்கள் விண்ணப்பத்தை ‘அழகுச் சிகிச்சை’ என்று முதலில் திருப்பி அனுப்பியது. இந்தியக் காப்பீட்டு விதிகளில் அந்த விலக்கு உண்டு. விபத்து, தீக்காயம், புற்று, இல்லையென்றால் உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால் மட்டும் விதிவிலக்கு. பஸ் நம்பர் தெரியாமல் போவது உடனடி ஆபத்தா? அந்தச் சாலையைக் குறுக்கே கடப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு பார்வைப்புலத் தாள்களையும் புகைப்படங்களையும் இணைத்து மறுபடி எழுதினோம். பாதித் தொகை வந்தது. எந்தப் பாதி அழகு, எந்தப் பாதி பார்வை என்று அவர்கள் விளக்கவில்லை.

*

அழகையும் பார்வையையும் இப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று பாலவாக்கத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலூரில்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மனைவி மார்கரெட்டும் மருத்துவர், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். தொழுநோயில் விரல்கள் உதிர்வது நோய் சதையைத் தின்பதால் இல்லை, வலி தெரியாமல் போவதால் நோயாளி தன்னையறியாமல் தானே சிதைத்துக்கொள்வதால் என்று பால் நிறுவினார். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநார் மாற்றி அறுவை செய்தது உலகப் புகழ் பெற்றது. மார்கரெட்டின் பெயர் அவ்வளவு பரவவில்லை. கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே கண் பிரிவில் போடப்பட்டவர் அவர். கிராமத்துக் கண் முகாம்களில் வேலை செய்து கற்றுக்கொண்டு, பிறகு தொழுநோயாளிகளின் கண்ணைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். வேலூருக்கு வெளியே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது.

தொழுநோய் கண்ணுக்கு இரண்டு பக்கமும் பொறி வைக்கும். முகநரம்பின் கிளையைத் தாக்கி இமையை மூடும் தசையைச் செயலிழக்க வைக்கும். கருவிழிக்கு உணர்வு தரும் வேறொரு நரம்பையும் மழுங்கடிக்கும். முதலாவது நடந்தால் இமை மூடாது, முயல்கண். இரண்டாவது நடந்தால், மூட வேண்டும் என்ற சமிக்ஞையே எழாது. தூசி விழும், காயும், கீறும், புண்ணாகும், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. வலிக்காத கண்ணை யார் மருத்துவரிடம் காட்டுவார்? கையில் உணர்வு இழந்தவர்களுக்கு உலகத்தைத் தொட்டறிய மிச்சமிருந்தது கண்தான். அதுவும் போனால் அடுப்பு எங்கே இருக்கிறது என்பதுகூட வெந்த பிறகும் தெரியாது.

இவர்களுக்கு மேலிமையைத் திறந்துவிடுவதில் பயனில்லை, மூடவைக்க வேண்டும். எளிய வழி, வெளிக் கடைக்கண் பக்கம் இரண்டு இமைகளையும் சற்றுத் தைத்து ஒட்டிவிடுவது. கண்ணின் வாசல் குறுகும், பக்கவாட்டுப் பார்வையில் கொஞ்சம் போகும். மிச்சப் பார்வையைக் காக்க அந்தக் கொஞ்சத்தை விலையாகக் கொடுப்பது. மேலிமைத் தோலுக்குள் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தை வைத்துத் தைப்பது 1950களின் கடைசியில் ஐரோப்பாவில் தொடங்கிப் பின்னர் பரவிய இன்னொரு வழி. தங்கம் கனமானது, சிறியது, உடம்போடு சண்டை போடாது. தூக்கும் தசை தளர்ந்தவுடன் எடையால் இமை இறங்கும். தி. நகரில் ஒரு கிராமுக்கு இத்தனை பயன் இருக்கிறது என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. படுத்திருக்கும்போது மட்டும் இது சரியாக உதவாது, புவியீர்ப்பு வேறு பக்கம் இழுக்கும்.

வேலூரில் பால் பிராண்ட் கையாண்ட வழி வேறு. காதுக்கு முன்னும் மேலும் விரிந்திருக்கும் மெல்லும் தசை, பல்லைக் கடித்தால் கன்னப்பொறியில் கைக்குத் தட்டுப்படுவது. அதற்கு வரும் நரம்பு வேறு, தொழுநோய் பெரும்பாலும் அதை விட்டுவைக்கும். அந்தத் தசையின் ஒரு கீற்றைப் பிரித்துத் திருப்பி, மேலிமைக்குள்ளும் கீழிமைக்குள்ளும் பட்டையாக ஓட்டி, மூக்கோரக் கடைக்கண்ணில் கட்டிவிடுவது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கொடுத்த ஹரால்ட் கில்லிஸ் 1934-இல் இந்த யோசனையைச் சொன்னவர். பலன், பல்லைக் கடித்தால் கண் மூடும். இமைப்பு தானாக நடக்கும் செயலாக இல்லாமல், நினைத்துச் செய்யும் செயலாகிறது. நினைவில்லாதபோது வாயில் எதையாவது மெல்லலாம், சூயிங் கம்கூட மருந்து.

இதோடு சேர்ந்து அவர் புருவமும் செய்தார். தொழுநோயில் புருவ மயிர் உதிர்ந்துவிடும். விரல் சரியாகி, நோய் போய், சான்றிதழோடு ஊருக்குப் போனாலும் புருவமில்லாத முகத்தைப் பார்த்து வேலை கொடுக்க மாட்டார்கள், டீக்கடையில் தம்ளர் தர மாட்டார்கள். தலையிலிருந்து ஒரு துண்டு மயிர்த்தோலை, அதன் ரத்தக் குழாயோடு, நெற்றியின் தோலுக்கடியில் நகர்த்திப் புருவ இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சின்னச் சிக்கல். அது தலைமயிர், வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரிக்க வேண்டும். கத்தரிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். பல ஆண்டு வெறுமையாக இருந்த இடத்தில் வந்த மயிரைக் கண்மேல் விழும் அளவுக்கு வளரவிட்டு, பெருமையோடு திரிந்தார்கள். பார்வைக்காக இமையில் அவ்வளவு பாடுபட்ட மருத்துவமனையில், பார்வையை மறைக்கிற அளவுக்கு ஒரு புருவம். மார்கரெட் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்தக் காப்பீட்டுப் படிவத்தில் அந்தப் புருவத்தை ‘அழகு’ என்ற கட்டத்தில் போடுவார்கள்?

பிராண்ட் தம்பதி 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார்கள். 1980களில் கூட்டு மருந்து வந்தது. 2005-இன் இறுதியில், தொழுநோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற அளவை நாடு எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புது நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். மூடாத இமையோடு வருபவர் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஊனத்தின் இரண்டாம் நிலை, அதாவது கடைசி நிலை.

தசை மாற்றி அறுவை முடிந்தவர்களுக்குக் கட்டுப் பிரித்ததும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது ஒன்றுதான். கடி, விடு, கடி, விடு. வலி தெரியாத கண் நினைவூட்டாது என்பதால் கடிகாரத்தைப் பார்த்தோ, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்தோ பழக வேண்டும். கஞ்சி குடிக்கும்போது ஒன்றும் நடக்காது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து மெல்லத் தொடங்கினால், ஒவ்வொரு கவளத்துக்கும் இமைகள் தாமாக இறங்கி ஏறும்.